நிலத்தோடு மானையும் விற்கிறார்களா?

வெள்ளைவால் மான் வேட்டை சீசன் நெருங்குவதால் இந்த முறை முழுக்க அமெரிக்கத் தமிழர்களின் கடிதங்கள்.

கே: விஸ்கான்சினில் 22 ஏக்கர் காட்டு நிலம் விலைக்கு வந்திருக்கிறது. அங்கே மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமராவில் எடுத்தது என்று பெரிய கொம்பு மானின் படங்களை ஏஜென்ட் அனுப்பினார். முன்பணம் கொடுக்கலாமா?

ப: மான் பத்திரத்தில் வராது சார். முதிர்ந்த ஆண் மான் சில நூறு ஏக்கரில் திரியும். உங்கள் 22 ஏக்கரை அது கடந்து போகும், அவ்வளவுதான். படத்தின் அடிப்பட்டையில் தேதி, வெப்பநிலை, நிலாப் பிறை இருக்கும். அதை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தால் உஷார். கொம்பின் மேல் வெல்வெட் மாதிரித் தோல் மூடியிருந்தால் அது கோடைக்காலப் படம். செப்டம்பரில் தோல் உரிந்தபின் பல ஆண் மான்கள் இடம் மாறிவிடும். நவம்பர் படம் கேளுங்கள். நிலத்துக்குச் சட்டப்படி பாதை இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் பக்கத்து நிலக்காரரிடம் பேசுங்கள். ஒன்றரை வயது மானையெல்லாம் அவர் சுட்டுத் தள்ளுகிறவர் என்றால், ஐந்து வயது மான் உங்களுக்கு எங்கிருந்து வரும்?

கே: மனித வாடையை அறவே போக்கும் ஸ்பிரே, மூன்று பாட்டில் சலுகை விலையில். வாங்கலாமா?

ப: வேண்டாம். மான் வரும் பக்கமிருந்து காற்று உங்கள் மேல் அடிக்கும்படி உட்காரக் காசு கேட்பதில்லை. நான் வாங்கிய பாட்டில் இப்போது கார் சீட்டுக்குப் போகிறது.

கே: மான் தீவனத்துக்கென்று விற்கும் விதைக் கலவை, பத்து பவுண்டு வாங்கி விதைத்தேன். பாதிகூட முளைக்கவில்லை. பணம் திரும்புமா? (ஒஹாயோ)

ப: பையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தீர்களா? படித்திருக்க மாட்டீர்கள். பையின் முன்னால் இருக்கும் கொம்பைப் பார்த்துப் பணத்தை நீட்டுகிறோம். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அங்கேதான். முன்பக்கத்தில் எந்த மானையும் அச்சடிக்கலாம். ஆனால் எந்த விதை எத்தனை சதவீதம், முளைப்புத்திறன் எவ்வளவு, களை விதை எவ்வளவு, எந்த மாதம் சோதித்தது என்பதெல்லாம் சீட்டில் இருக்க வேண்டும். 1939இல் வந்த கூட்டாட்சி விதைச் சட்டமும் மாநிலச் சட்டங்களும் இருப்பது இதற்குத்தான். 'இனர்ட் மேட்டர்', அதாவது விதையல்லாத பொருள், 34 சதவீதம் என்று போட்டிருந்தால், உங்கள் பத்து பவுண்டில் மூன்று பவுண்டுக்கு மேல் விதைமேல் பூசிய பூச்சும் தூசியும். மீதியிலும் மலிவான ரை புல் பெரும்பங்கு இருக்கலாம். மான் விரும்பித் தின்னும் க்ளோவர் என்ற தீவனப் பயிர்தான் வேண்டுமென்றால் விவசாய விதைக் கடையில் மான் படமில்லாத பையில் கிடைக்கும். அதற்கும் முன்னால் மண்ணைச் சோதியுங்கள். உங்கள் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். அமிலத்தன்மை அதிகமான மண்ணில் சுண்ணாம்பு போடாமல் க்ளோவர் தேறாது. சீட்டில் சொன்னதும் பைக்குள் இருப்பதும் வேறு என்று தோன்றினால், பையோடும் மிச்ச விதையோடும் மாநில வேளாண் துறையிடம் புகார் கொடுங்கள்.

கே: பென்சில்வேனியாவில் 30 ஏக்கர் வேட்டைக் குத்தகை என்று விளம்பரம். போன் வழியாக 800 டாலர் அனுப்பினேன். போய்ப் பார்த்தால் நிலத்துக்காரருக்கு விஷயமே தெரியாது. வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ப: கூச்சப்பட வேண்டியவன் பணத்தை வாங்கியவன், நீங்கள் இல்லை அம்மா. இன்றே வீட்டில் சொல்லுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார்ப் பக்கத்திலும், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் பதியுங்கள். நாமே அனுப்பிய பணம் திரும்புவது கஷ்டம்தான். பொய் சொல்ல மாட்டேன். விளம்பரம், மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள். நிலம் யார் பேரில் இருக்கிறது என்பதைப் பல கவுண்டிகளின் இணைய வரைபடத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

கே: 15 ஏக்கர் வைத்திருக்கிறேன். வாரம் தவறாமல் போய்க் கேமரா கார்டு மாற்றுகிறேன். படத்தில் சின்ன மான்கள்தான் விழுகின்றன. வேறு எந்தக் கேமரா வாங்கலாம்?

ப: கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. வாரம் தவறாமல் வந்து மானைக் கலைக்கிற ஆள்தான் பிரச்சினை. வீட்டில் இருங்கள்.

கே: எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கலாம் என்கிறார் நண்பர்.

ப: நண்பர் பாதிதான் சொன்னார். இந்த மாதிரித் தற்காலிக விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போச்சு. துப்பாக்கி அலமாரியில் சும்மா இருந்தாலும் சிக்கல்தான். வாங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள், நண்பரிடம் வேண்டாம்.