ஜீப் வாங்கப் போகிறீர்களா? முதலில் பின் இருக்கையில் ஏறுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றையே சுற்றுகின்றன: இரண்டு வரிசை இருக்கை கொண்ட நடுத்தர எஸ்யூவி. எங்கள் ஊரில் உயரமாக நிற்கும் எல்லாவற்றுக்கும் ஜீப் என்றே பெயர். நானும் சில இடங்களில் அப்படியே எழுதுகிறேன். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்ததிலிருந்து, காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் அவசரம். விலை பற்றி எதுவும் எழுத மாட்டேன். நான் எழுதி முடிப்பதற்குள் அது மாறிவிடும்.

நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். மாமிக்கு முழங்கால் வலி. கணவருக்கு டொயோட்டா சி-எச்ஆர் பிடித்திருக்கிறது. எனக்கு ஹொண்டா வெசெல். எது நல்லது ஐயா? — ஆசிரியை, களுவாஞ்சிகுடி

இதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நான் அல்ல, உங்கள் மாமியார். பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். வாகனம் பார்க்க ஆண்கள் நான்கு பேர் போய், பொனற்றைத் திறந்து, ஒன்றும் விளங்காமல் தலையாட்டிவிட்டு வருவதுதான் இங்கே வழக்கம். பின் இருக்கையில் யாரும் ஏறிப் பார்ப்பதில்லை.

முதலில் உங்கள் கணவர் ஓட்டுநர் இருக்கையைத் தமக்கு ஏற்ற மாதிரி நகர்த்தட்டும். பிறகு அதற்கு நேர் பின்னால் மாமி அமரட்டும். கதவருகே அவர் முதுகைக் காட்டி நிற்கும்போது இருக்கையின் விளிம்பு இடுப்புக்குச் சற்றுக் கீழே இருந்தால், அப்படியே அமர்ந்து காலை உள்ளே எடுத்துவிடலாம். அதைவிடத் தாழ்ந்திருந்தால் எழும்பும்போது முழங்கால் நோகும். உயர்ந்திருந்தால் ஏறும்போது நோகும். மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏறிவிடுவார்கள்.

இனி அந்த இரண்டும். முதல் தலைமுறை சி-எச்ஆரின் நீளம் 4,360 மில்லிமீற்றர், 2013 இறுதியில் வந்த முதல் வெசெலுக்கு 4,295. நீளமானதில்தான் பின்னால் இடம் கூடுதலாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இங்கே கதை தலைகீழ். சி-எச்ஆரின் கூரை பின்பக்கம் சரிகிறது, யன்னல் சிறுத்துப்போகிறது, கதவின் கைப்பிடி மேல் மூலையில் ஒளிந்திருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு அது எட்டாது. ஓட்டுபவருக்கு அருமையான வாகனம், பின்னால் இருப்பவருக்குக் குகை. வெசெலில் பெற்றோல் தாங்கியை முன் இருக்கைகளுக்குக் கீழே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அதனால் பின் இருக்கையின் அடிப்பகுதியை மேலே மடக்கி, தென்னங்கன்றைக்கூட நிமிர்த்தி வைத்துக்கொண்டு போகலாம். ஆனால் பின்னால் நடுவில் ஒருவர் கொழும்பு வரை இருப்பது இரண்டிலுமே தண்டனைதான். அந்த இடம் உங்கள் வீட்டில் யாருக்கு வரும் என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

வயல் வட்டைக்குப் போய்வர நான்கு சில்லும் இழுக்கும் ஜீப் ஒன்று பார்க்கிறேன். பசளையும் ஏற்றலாம்தானே? — விவசாயி, வெல்லாவெளி

ஏற்றலாம். எவ்வளவு என்பதில்தான் சிக்கல். ஜப்பானில் பயணிகள் வாகனத்தின் மொத்த எடையைக் கணக்கிடும்போது ஓர் ஆளுக்கு 55 கிலோ என்று வைத்துக்கொள்கிறார்கள். ஐந்து இருக்கை என்றால் 275 கிலோ. எழுபது கிலோ எடையுள்ள நாலு பேர் ஏறினாலே அந்தக் கணக்கு தாண்டிவிடுகிறது. அதற்கு மேல் 50 கிலோ யூரியா மூட்டை இரண்டைப் பின்னால் போட்டால் பின்புறம் அமர்ந்துவிடும். விளம்பரத்தில் படித்த தரை உயரமும், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பக்கத்துக்கும் இடையிலான இடைவெளியும், அதோடு போய்விடும். ஆகவே தரை உயரத்தை வெறும் வண்டியில் பார்க்காதீர்கள். ஆட்களை ஏற்றிவிட்டு, குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

நான்கு சில்லு இழுவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வகை வாகனங்களில் அது பெரும்பாலும் முன் சில்லுகள் வழுக்கும்போது பின் சில்லுகளுக்கும் கொஞ்சம் பலம் அனுப்பும் ஏற்பாடு. ப்ராடோ, பஜேரோவில் இருப்பது போன்ற, மெதுவாக ஆனால் அதிக பலத்தோடு இழுக்கும் தாழ் கியர் இவற்றில் இல்லை. பெரும்போக மழையில் ஊறிய, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கிலுள்ள படுவான்கரைக் களிமண், நெடுஞ்சாலை ரயரின் பள்ளங்களை ஒரே சுற்றில் நிரப்பிவிடும். பிறகு நான்கும் சேர்ந்து வழுக்கும். கிரவல் வீதி வரை ஜீப்பில் போங்கள். அதற்கு அப்பால் உழவு இயந்திரம் இருக்கிறது, அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

காரைதீவில் ஒரு ஹைபிரிட் ஜீப் நல்ல விலைக்கு வருகிறது. உள்ளே புதிதாகக் கழுவி, வாசனை அடித்து, மிகச் சுத்தமாக இருக்கிறது. வாங்கலாமா? — வாசகர், சம்மாந்துறை

பழைய வாகனத்தில் மிதமிஞ்சிய சுத்தத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பர் இறுதியிலும் இந்தப் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்பது உங்களுக்கே தெரியும். நின்ற வாகனங்கள் எங்கேயும் மறைந்துவிடவில்லை. கழுவிக் காயவைத்து யாரோ ஒருவருக்கு விற்கப்படுகின்றன. அந்த யாரோ ஒருவர் ஒருமுறை நானாக இருந்தேன். மாலை மங்கிய நேரத்தில், குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்த்து வாங்கினேன். முதல் மழைக்குக் கால்மிதிக்குக் கீழிருந்து குளத்து வாடை கிளம்பியது. அன்றிலிருந்து காலை வெயிலில் மட்டுமே வாகனம் பார்க்கிறேன்.

நீங்களும் அப்படியே பாருங்கள். இருக்கைப் பட்டியை அதன் கடைசி முனை வரை இழுங்கள். கழுவுபவர்கள் வெளியே தெரியும் பகுதியைத்தான் கழுவுவார்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு அப்படியே இருக்கும். முன் இருக்கையைப் பின்னே தள்ளி, தண்டவாளத்தையும் அதன் ஆணிகளையும் பாருங்கள். துரு இருந்தால் ஒரு கேள்வி. வாகனம் பழையது, ஆணி மட்டும் புதியது என்றால் இரண்டு கேள்வி. தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி உள் பஞ்சை விரலால் அழுத்துங்கள். முன்விளக்குக் கண்ணாடிக்குள் நீர்க்கோடு, காற்று வடிகட்டிப் பெட்டியின் உள்ளே மண்படிவு, பின்பக்கத் தரைப்பலகைக்குக் கீழே வண்டல்: இவற்றில் எது கண்டாலும் வாங்க வேண்டாம்.

அந்தத் தரைப்பலகையைத் தூக்கும்போதே உதிரிச் சில்லு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜப்பான் சந்தைக்கு வந்த ஹைபிரிட் பலவற்றில் அது கிடையாது; ஒட்டும் திரவமும் சின்னக் காற்றுப்பம்பும்தான். மகா ஓயாவுக்கு அப்பால் இரவில் ரயர் கிழிந்தால் அந்தப் புட்டித் திரவம் எதற்கும் உதவாது.

ஹைபிரிட் என்பதால் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். முதல் வெசெலில் உயர் மின்னழுத்த மின்கலம் பின்பக்கத் தரைக்குக் கீழே இருக்கிறது. வேறு சிலவற்றில் பின் இருக்கைக்கு அடியில். இரண்டுமே வெள்ளம் எளிதில் எட்டும் இடங்கள். எங்கள் வெள்ளத்தில் வாவித் தண்ணீரின் உப்பும் கலந்திருக்கலாம், அது இணைப்பு முனைகளை மாதக்கணக்கில் மெதுவாகத் தின்னும். இன்றைக்கு ஓடும், ஆறு மாதத்தில் நிற்கும். செம்மஞ்சள் நிற வயர்களை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். அவை உயிருக்கு ஆபத்தானவை. கணினிப் பரிசோதனை செய்யத் தெரிந்த கராஜில் விடுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், பதில் கிடைத்துவிட்டது.

2014 வெசெல் ஹைபிரிட். மட்டக்களப்பில் ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் போல ஓடுகிறது. ஆனால் கியரில் பிரச்சினை என்கிறார்கள். — வங்கி ஊழியர், ஆரையம்பதி

மட்டக்களப்பில் எது வெண்ணெய் போல ஓடாது? தரை முழுக்கச் சமதளம். அந்த வாகனத்தில் இருப்பது இரட்டைக் கிளச் கொண்ட ஏழு கியர் பெட்டி. வெளிவந்த புதிதில் அதன் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக ஹொண்டாவே ஜப்பானில் பலமுறை வாகனங்களைத் திரும்ப அழைத்தது. ஊர்ந்து ஊர்ந்து ஏற்றம் ஏறும்போது கிளச் சூடாகும், எச்சரிக்கை வரும். அதாவது கல்லடியில் நல்ல பிள்ளை, மகியங்கனைப் பக்கத்துப் பதினெட்டு வளைவு மலைவீதியில் வேறு பிள்ளை.

மலை வரை போக முடியாதென்றால் இப்படிச் செய்யுங்கள். நண்பகலில், குளிரூட்டியைப் போட்டு, ஐந்து பேரோடு அரை மணி நேரம் கல்முனைச் சந்தை நெரிசலில் ஊர்ந்து ஓட்டுங்கள். சூடேறிய பிறகு ஒரு சரிவில் நிறுத்தி, முன்னும் பின்னுமாக மெதுவாக நகர்த்துங்கள். உதறல், தயக்கம், ‘டக்’ என்ற இடி, ஏதாவது தெரியும். பின்னர் மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு கிரவல் வீதியில் வானொலியை நிறுத்திவிட்டு ஓடுங்கள். அடிப்பக்கச் சத்தங்கள் அங்கேதான் பேசும். 2021இல் வந்த அடுத்த தலைமுறை வெசெல் ஹைபிரிட்டில் இந்தக் கியர் பெட்டி இல்லை. கையில் காசு இருந்தால் கவலையும் இல்லை.

ஜப்பானில் வாகனத்தை ஏலம் விட்டபோது எழுதிய ஏல அறிக்கையில் 4 புள்ளி என்று இருக்கிறது. போதுமா? — வர்த்தகர், கல்முனை

புள்ளியை விட, பக்கத்தில் உள்ள வாகனப் படத்தைப் படியுங்கள். A என்றால் கீறல், U நெளிவு, W திருத்திய அடையாளம், S துரு, XX மாற்றப்பட்ட பாகம். புள்ளி இருக்கும் இடத்தில் R அல்லது RA என்றிருந்தால் விபத்துக்குப் பின் திருத்தியது. அறிக்கையிலுள்ள அடிச்சட்ட (சேசிஸ்) இலக்கம் வாகனத்தில் பொறித்த இலக்கத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். கிலோமீற்றர் குறைவு என்று காட்டினால் ரயரின் நான்கு இலக்கத் திகதியைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பதினையாயிரம் கிலோமீற்றர் மட்டும் ஓடியதாகச் சொல்லும் வாகனத்துக்கு நான்கு ரயரும் எதற்கு மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

நான் கட்டாரில் இருக்கிறேன். தம்பி ஊரில் ஒரு நிசான் எக்ஸ்-ட்ரெயில் பார்த்திருக்கிறான், முற்பணம் கேட்கிறார்கள். — வாசகி, தோஹா

தங்கச்சி, வாகனம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, முதலில் பதிவுப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் முற்றான உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடியவில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதிவிலக்கத்தைக் கொடுத்து நீங்களே அங்கிருந்து சரிபார்க்கலாம். கடனை நான் கட்டித் தருகிறேன், முதலில் பணத்தைத் தாருங்கள் என்று விற்பவர் சொன்னால் கொடுக்காதீர்கள். லீசிங் நிறுவனத்துக்கு நேரே கட்டி, விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகு மீதி. வாங்குபவர் பெயரை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்ட திறந்த பத்திரத்தோடு வாகனத்தை ஒப்படைப்பவரிடமும் வாங்க வேண்டாம்.

பிவைடி அட்டோ 3 மின்சார வாகனம் எங்களுக்குச் சரிவருமா? — அரச உத்தியோகத்தர், அம்பாறை

வீட்டில் சார்ஜ் ஏற்ற வசதி இருந்து, அலுவலகம், கல்முனை, மட்டக்களப்பு என்று ஓடுபவராக இருந்தால் நன்றாகவே வரும். 60.48 கிலோவாட் மணி மின்கலத்துக்கு 420 கிலோமீற்றர் என்கிறார்கள். குளிரூட்டி, வேகம், முழுச் சுமை என்றால் குறையும். கொழும்பு இங்கிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். மாதம் இரண்டு முறை அங்கே போகிறவர் என்றால் வழியில் எங்கே நிறுத்தி ஏற்றுவீர்கள் என்று முதலில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கறுப்பு நிறம் வேண்டாம் என்கிறார் அண்ணா. — மாணவன், செங்கலடி

அண்ணா சொல்வது சரி. சித்திரை மாதம் நண்பகலில் அதன் கதவைத் தொட்டுப் பாருங்கள்.