பேசுவதைக் குறிக்கும் 'டாக்' என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது?

கதையைக் குறிக்கும் 'டேல்' என்ற சொல்லின் வேரிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது 'டலு'. அதற்கு உறவான வினை 'டெல்லன்', அதாவது இன்றைய 'டெல்'. இந்த வேரோடு 'க்' ஒட்டு சேர்ந்து, 1200-ஐ ஒட்டி 'டல்கென்' என்று எழுத்தில் வரத் தொடங்குகிறது. ஒரு செயல் விடாமல் தொடர்வதைக் காட்டும் ஒட்டு அது. கேட்பதைச் சொல்லும் 'ஹியர்' உற்றுக் கேட்கும் 'ஹார்க்' ஆனதும் அப்படித்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருவது. 'டெல்லன்' என்றால் சொல்வது மட்டுமல்ல, எண்ணுவதும்கூட. வங்கியில் பணம் எண்ணித் தருபவர் ஏன் 'டெல்லர்' என்பது இப்போது புரியும், ஏ.டி.எம். என்பதன் நடு எழுத்து அதுவேதான். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாக்குகளை எண்ணுபவர்களுக்கும் அதே பெயர்.

உறவு மொழிகளைப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. டச்சில் 'டெல்லன்' எண்ணுவது, 'டால்' மொழி. ஜெர்மனில் 'ட்சால்' எண், 'ட்சேலன்' எண்ணுவது, 'எர்ட்சேலன்' கதை சொல்வது. ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் 'ட்' ஜெர்மனில் 'ட்ஸ்' ஆவது விதி: பத்து அங்கே 'டென்', இங்கே 'ட்சேன்'. ஓசை ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு சொல்லக் கூடாது; இப்படி விதி பொருந்த வேண்டும். டச்சிலும் ஸ்வீடிஷிலும் வாய்மொழி பெயர்ப்பாளரைக் குறிக்கும் 'டோல்க்' என்பதைப் பலர் இதோடு சேர்த்துவிடுகிறார்கள். அது ஸ்லாவிய மொழிகளிலிருந்து போன சொல்.

எண்ணுவதும் சொல்வதும் ஒன்றாவது ஏன்? இரண்டுமே ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்துவதுதானே. கணக்கிடுவதைக் குறித்த ஒரே லத்தீன் சொல், கம்ப்யூட்டருக்கும் மூலமானது, பிரெஞ்சில் எண்ணுவதற்கு ஒன்றும் கதை சொல்வதற்கு ஒன்றுமாக இரண்டாய்ப் பிரிந்தது. உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்றே, எழுத்துதான் வேறு.

யாழ்ப்பாணத்தில் "அவரோட கதைச்சனான்" என்றால் அவரோடு பேசினேன் என்று பொருள். கதையிலிருந்து பேச்சுக்கு அதே வழிதான். ஆனால் 'கதை'க்கும் 'டாக்'குக்கும் சொல்லளவில் உறவு கிடையாது. இரண்டும் தனித்தனியே நடந்தவை.

'டாக்' எழுதும்போது நடுவில் ஒலிக்காத ஓர் 'எல்' வருகிறதல்லவா? 'வாக்', 'சாக்' போல, 'க்'குக்கு முன் அதன் ஒலி பேச்சில் கரைந்துவிட்டது. 'டேல்' சொல்லின் கடைசி ஒலி அது.