மனையை விற்று கிளினிக் கட்டும் முன்

அம்மா, வணக்கம்.

உங்கள் மகள் எம்.டி. பொது மருத்துவம் முடித்துவிட்டார். கோவையில் ஒரு கார்ப்பரேட் மருத்துவமனை கூப்பிடுகிறது. உங்கள் கணவரோ சங்கரன்கோவில் மனையை விற்றாவது சொந்தக் கிளினிக் கட்டித் தரத் தயாராக இருக்கிறார். எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். மனையை இப்போது விற்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

“மாதச் சம்பளம், நிம்மதியான வேலை” என்று எழுதியிருந்தீர்கள். பெரிய மருத்துவமனைகளில் கன்சல்டன்ட்டாக, அதாவது ஆலோசனை மருத்துவராக, சேரும் பலர் ஊழியர்களே அல்ல. அவர்கள் கையெழுத்திடுவது தொழில்முறைக் கட்டண ஒப்பந்தத்தில். பி.எஃப். இல்லை, கிராச்சுவிட்டி இல்லை, டி.டி.எஸ். என்று வருமான வரிக்காக 10 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். தொடக்கத்தில் சில மாதங்களுக்கு மினிமம் கேரண்டி என்று ஒரு உறுதியான குறைந்தபட்சத் தொகை வரும். அது முடிந்ததும், எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறாரோ அதற்கேற்ற வருமானம்தான். இளம் மருத்துவர்கள் பலர் திகைத்துப்போவது அந்த மாதத்தில்தான். ஆகவே கேரண்டி எப்போது முடியும், இரவு அழைப்புகள் எத்தனை, விலக எத்தனை மாத நோட்டீஸ், மாலையில் வெளியே நோயாளிகளைப் பார்க்கலாமா என்பதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். விலகிய பிறகும் அதே ஊரில் தொழில் செய்யக் கூடாது என்று நிபந்தனை இருந்தால், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி அது செல்லாது. இருந்தாலும் சேரும் முன்பே அதை நீக்கிவிடுவது நல்லது.

இவ்வளவு சொன்னாலும், அவர் இரண்டு மூன்று வருடமாவது ஒரு மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். நள்ளிரவில் ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளி தடுமாறும்போது பக்கத்திலேயே சீனியர் இருப்பது பெரிய பலம். தனிக் கிளினிக்கில் அது கிடைக்காது.

கிளினிக் கணக்குக்கு வருகிறேன். பொது மருத்துவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மாதக் கணக்கில் தொடர்ந்து வருகிறவர்கள். டாக்டர் சொன்ன நேரத்தில் இருக்கிறாரா, பொறுமையாகக் கேட்கிறாரா என்றுதான் பார்ப்பார்கள். கட்டடத்தைப் பார்த்து வருவதில்லை. இரண்டு அறை வாடகைக்கு, ஒரு ஈ.சி.ஜி. மிஷின், பக்கத்தில் நம்பகமான லேப், இவை இருந்தால் தொடங்கிவிடலாம். படுக்கை இல்லாத கிளினிக்கானாலும் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி ஜே.டி. ஆபீஸில், அதாவது மாவட்ட சுகாதார இணை இயக்குநர் அலுவலகத்தில், பதிவு செய்ய வேண்டும். மருத்துவக் கழிவை அகற்ற 2016 விதிகளின்படி ஏற்பாடு வேண்டும். நோயாளி வழக்குப் போட்டால் இழப்பீட்டை ஈடுகட்டும் இன்டெம்னிட்டி பாலிசி என்ற காப்பீடும் அவசியம். 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கட்டணம் வாங்கும் மருத்துவர் மீது நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். லேபும் ஸ்கேன் சென்டரும் கமிஷன் கவரோடு வரும். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் அதைத் தடுக்கின்றன. முதல் நாளே மறுத்துவிட வேண்டும். ஒரு தடவை வாங்கினால் பிறகு தேவையில்லாத டெஸ்ட்டை எழுதாமல் இருக்க முடியாது. நம் ஊர் ஏழைகளின் பணம் அது.

நீங்கள் குறிப்பிடாத இன்னொரு வழியும் உண்டு. எம்.ஆர்.பி. எனப்படும் தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி, அரசு மருத்துவமனையில் உதவி மருத்துவராகச் சேரலாம். அடிப்படை ஊதியம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரம் போக மற்ற நேரத்தில் தனியாகப் பார்க்க அனுமதி இருப்பதால், பகலில் தாலுகா மருத்துவமனை, மாலையில் வாடகைக் கிளினிக் என்று கடனில்லாமல் ஊன்றிக்கொள்ளலாம். உங்கள் குடும்பத்துக்கு இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மகளுக்கு எம்.டி.க்கு அடுத்த உயர் சிறப்புப் படிப்பான டி.எம். படிக்கும் எண்ணம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கிளினிக் பேச்சையே தள்ளிவைக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளின் உயர் சிறப்பு இடங்களில் பாதியை அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு ஒதுக்கி 2020இல் தமிழக அரசு ஆணையிட்டது. அதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். அடுத்த முறை அந்த ஒப்பந்த நகலோடு மகளையும் அழைத்து வாருங்கள். அவர் வாயாலேயே கேட்டுவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.