சர்க்கிட்டுக்கு அடிக்கும் ஃப்ரீஸ் ஸ்பிரேயை மருவுக்கும் அடிக்கலாமா?

பினாங்கு, பட்டர்வொர்த்தில் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர், தம் விரலில் வந்துள்ள மருவுக்கு, மின்பாகங்களைக் குளிரவைத்துக் கோளாறு கண்டுபிடிக்கத் தம் கடையில் வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஸ்பிரேயையே அடிக்கலாமா, கிளினிக்கிலும் உறைய வைத்துத்தானே எடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்.

அடிக்க வேண்டாம். கிளினிக்கில் தெளிக்கப்படும் திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். உங்கள் டப்பாவோ ஏறத்தாழ மைனஸ் 50 டிகிரி வரைதான் குளிர்விக்கும். குளிர் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் சுமார் மைனஸ் 5 டிகிரியிலேயே மடியத் தொடங்கும். மரு வளர்ந்திருக்கும் மேல்தோல் செல்களை அழிக்கவோ மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். டப்பாவின் குளிர் தோலுக்குள் முழுதாக இறங்காமல் போகலாம். அந்த அரைகுறைக் குளிரில் மரு அப்படியே இருக்க, அதைச் சுற்றி வெள்ளைத் திட்டு மட்டும் மிஞ்சலாம். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு அது பளிச்சென்று தெரியும். மருத்துவர் மருவின் ஓரத்தில் ஓரிரு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெண்வளையம் படரும் வரை, நொடிகளை எண்ணியபடி தெளித்து நிறுத்துவார். பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு பார்மசியில் கிடைக்கும் சாலிசிலிக் அமிலமே போதும் என்பது என் கருத்து. நீரிழிவு இருந்தால் எதையும் வீட்டில் முயலாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த ஸ்பிரேக்கு உரிய வேலை வேறு. இருபது நிமிடம் நன்றாகப் பாடிவிட்டு, சூடேறியதும் கரகரக்கும் ஆம்ப்ளிஃபயரில், கோளாறு தலைகாட்டும் வரை காத்திருந்து, மெல்லிய குழாயைச் செருகி ஒவ்வொரு டிரான்சிஸ்டராக ஒரு நொடி தெளித்துப் பாருங்கள். எதன்மேல் பட்டதும் ஒலி தெளிகிறதோ, சந்தேகம் அதன்மேல். பக்கத்திலுள்ள சோல்டர் விரிசலும் இதே போல ஏமாற்றும் என்பதால், ஹேர் டிரையரால் அந்த ஒரு பாகத்தை மட்டும் சூடாக்கி, கோளாறு திரும்புகிறதா என்று உறுதி செய்யாமல் எதையும் கழற்ற வேண்டாம். நம் ஊரின் ஈரக் காற்றில் போர்டு உடனே வியர்க்கும். ஆகவே உயர் மின்னழுத்தப் பகுதியில் தெளிப்பதைத் தவிர்த்து, நீர் முற்றிலும் உலர்ந்த பிறகே மீண்டும் ஆன் செய்யுங்கள்.

பார்மசியில் விற்கும் மரு உறைவிப்பானையும் ஃப்ரீஸ் ஸ்பிரேக்குப் பதிலாகக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். அவற்றில் பலவற்றில் இருப்பது டைமெத்தில் ஈதரும் புரொப்பேனும். இரண்டுமே எளிதில் தீப்பற்றக்கூடியவை. உங்கள் ஃப்ரீஸ் ஸ்பிரே டப்பாவிலும் தீச்சுடர்ப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மின்சாரம் ஓடும் போர்டில் அதை அடிக்கக் கூடாது.