குஜோ ஆட்டத்துக்கு யுகாதா: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் மனைவியும் நகோயாவில் இருக்கிறோம். சென்ற கோடையில் ஒரு வாணவேடிக்கைக்கு வாடகை யுகாதாவில், அதாவது ஜப்பானியரின் மெல்லிய கோடைக்கால கிமோனோவில் போனோம். கடையிலேயே கட்டிவிட்டார்கள். ஆனால் ஒரு மணி நேரத்தில் மனைவியின் கீழ்விளிம்பு தரையைக் கூட்ட ஆரம்பித்தது, நெஞ்சுப் பக்கமும் விலகிக்கொண்டது. என் இடுப்புப்பட்டை மார்புக்கு ஏறிவிட்டது. இருவருக்கும் கால்விரல் இடுக்கில் தோல் உரிந்துபோனது. இந்த ஆகஸ்டில் குஜோ ஹச்சிமான் என்ற ஊரில் விடிய விடிய நடக்கும் ஆட்டத்துக்குப் போக ஆசை. யுகாதாவை வாங்கி நாங்களே கட்டிக்கொள்ளலாமா? வெளிநாட்டவர் சேர்ந்து ஆடினால் முகம் சுளிப்பார்களா?

ஒரு வாசகர், நகோயா

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சுளிக்க மாட்டார்கள். குஜோ ஒதோரி என்ற இந்த ஆட்டம் பார்ப்பதற்கானது அல்ல, ஆடுவதற்கானது என்பது அந்த ஊர்க்காரர்களே சொல்வது. மேடையோ டிக்கெட்டோ கிடையாது. தெரு நடுவே மர மண்டபம் போன்ற ஒரு வண்டியில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் இருப்பார்கள், அதைச் சுற்றி ஊரே வட்டமாக நகரும். யுகாதா இல்லாமல் டி-ஷர்ட்டில் வந்தவரும் ஆடலாம். 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 41 ஜப்பானிய நாட்டார் ஆட்டங்களில் இதுவும் ஒன்று.

கடைக்காரர்கள் உங்களுக்குத் தவறாகக் கட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நின்று படம் எடுத்துக்கொள்வதற்கான கட்டு அது. ஆடுவதற்கான கட்டு வேறு.

மனைவியின் யுகாதாவிலிருந்து தொடங்குகிறேன். பெண்கள் யுகாதாவின் நீளம் ஏறக்குறைய அணிபவரின் உயரமே இருக்கும். மிச்சத்தை இடுப்பில் மடித்துவிடுவார்கள். அந்த மடிப்பின் பெயர் ஒஹாஷொரி. மொத்த உடையையும் தாங்குவது அதற்குள் மறைந்திருக்கும் கோஷிஹிமோ என்ற நாடாதான். சேலைக்கு உள்பாவாடை நாடா எப்படியோ அப்படி. அதை இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, வயிறு மடியும் இடத்துக்குக் கீழே, இறுக்கிக் கட்ட வேண்டும். வலிக்குமே என்று பயந்து வயிற்றில் கட்டினால், மூச்சுவிட மூச்சுவிட நாடா தளரும், விளிம்பு இறங்கும். போன வருடம் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மேலே மார்புக்குக் கீழ் கட்டும் இரண்டாவது நாடா தளர்வாகவே இருக்கட்டும்.

விளிம்பு வழக்கமாகக் கணுக்கால் எலும்பு வரை வரும். ஆட்டத்துக்கு அதைவிட மூன்று நான்கு சென்டிமீட்டர் ஏற்றிக் கட்டுங்கள். முதுகுத் தையல் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இடப்பக்கத்தை முதலில் சுற்றி அதன் ஓரம் வலது இடுப்பெலும்பில் வருமாறு அளவு பிடிக்க வேண்டும். பிறகு அதைத் திறந்து, வலப்பக்கத்தை உள்ளே சுற்றி, அதன் முனையைச் சுமார் பத்து சென்டிமீட்டர் தூக்குங்கள். அதன்மேல் இடப்பக்கம். அதன் முனையை ஐந்து சென்டிமீட்டர் தூக்கினால் போதும். முனைகளைத் தூக்காவிட்டால் கீழ்ப்பகுதி கூடாரம் மாதிரி விரிந்து, காலை வீசும்போதெல்லாம் தட்டும்.

ஆணோ பெண்ணோ, இடப்பக்கம்தான் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது சவத்துக்கு உடுத்தும் முறை. குஜோவின் பெரிய இரவுகள் முன்னோர் நினைவுக்கான ஒபோன் நாட்களில் வருகின்றன, அங்கே இது கண்ணில் உறுத்தும். வலது கை நெஞ்சு மடிப்புக்குள் தடையில்லாமல் நுழைந்தால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள்.

வெளியே தெரியும் இடுப்புப்பட்டையான ஒபியில் பெண்கள் பின்னால் போடும் பெரிய வண்ணத்துப்பூச்சி முடிச்சு ஆட்டத்துக்கு உதவாது. பஸ்ஸில் சாய்ந்தால் நசுங்கும், நெரிசலில் பின்னால் வருபவர் கை பட்டு அவிழும். கை-நோ-குச்சி என்ற தட்டையான முடிச்சே போதும். முடிச்சை முன்னால் போட்டு வலப்புறமாகச் சுற்றிப் பின்னால் கொண்டுபோங்கள். இடப்புறம் சுற்றினால் மேல்மடிப்பு எதிர்த்திசையில் இழுபட்டு நெஞ்சு விலகும்.

அப்படியும் விலகினால் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டாம். பெண்கள் யுகாதாவில் அக்குளுக்குக் கீழே ஒரு திறப்பு இருக்கும். இடப்பக்கத் திறப்பில் கைவிட்டு உள்கழுத்துப் பட்டையை இழுங்கள். வெளிப்பட்டையை ஒபிக்குக் கீழே ஒஹாஷொரியிலிருந்து கீழ்நோக்கி இழுத்தால் சரியாகிவிடும். கழிப்பறைக்குப் போகும்போது இரண்டு துணிக் கிளிப் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு அடுக்காகத் தூக்கி ஒபியில் மாட்டிவிடலாம்.

உங்களுக்கு வேலை குறைவு. ஆண்கள் யுகாதாவில் இடுப்பு மடிப்பு கிடையாது, அதனால் வாங்கும்போதே நீளம் சரியாக இருக்க வேண்டும். தோளிலிருந்து விளிம்பு வரை, உயரத்தில் முப்பது சென்டிமீட்டர் குறைவாக இருந்தால் ஏறக்குறையப் பொருந்தும். ஒபி தொப்பைக்குக் கீழே, முன்புறம் தாழ்ந்தும் பின்புறம் சற்று உயர்ந்தும் உட்கார வேண்டும். தொப்பைக்கு மேல் கட்டினால் அது மார்புக்குத்தான் ஏறும். ஒல்லியானவர் என்றால் இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு அதன்மேல் கட்டலாம். இருவருமே பருத்தி வாங்குங்கள். பாலியஸ்டர் மலிவு, ஆனால் ஆகஸ்ட் புழுக்கத்தில் உடம்போடு ஒட்டும்.

துணியைவிடப் பெரிய விஷயம் கெத்தா என்ற மரச் செருப்பு. குஜோவில் அது தாளவாத்தியமும்கூட. அடியில் ரப்பர் ஒட்டிய கெத்தா சத்தம் தராது. அந்த ஊர்க் கடைகளில் ஹினோக்கி மரத்தில் செய்தது கிடைக்கும், அங்கேயே வாங்கி வாரை உங்கள் காலுக்கு ஏற்றபடி இறுக்கித் தரச் சொல்லலாம். தோல் உரிவதற்குக் காரணம் விரல் இடுக்கை வாரின் முன்முனையில் முட்ட வைப்பது. கொஞ்சம் இடைவெளி விட்டு நுழையுங்கள். குதிகால் பின்னால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெளியே நிற்கும், அது அப்படித்தான். சுண்டுவிரல் வெளியே வந்தாலும் கவலையில்லை. போடுவதற்கு முன் முன்வாரை மேல்நோக்கி நன்றாக இழுத்துத் தளர்த்துங்கள். வலி வந்த பிறகு அல்ல, கிளம்பும் முன்பே விரல் இடுக்கில் பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். கெத்தாவில் வலது இடது கிடையாது, மாற்றி மாற்றிப் போட்டால் அடியிலுள்ள மரப் பற்கள் சமமாகத் தேயும்.

ஆட்டங்கள் மொத்தம் பத்து. ‘கவாசாகி’ நிதானமானது, புதிதாக வருபவர்கள் அதில் தொடங்கலாம். ‘ஹருகோமா’ குதிரை ஆட்டம், வேகமானது, கெத்தா பலமாக ஒலிக்கும். யுகாதா அவிழ்வதும் அதில்தான். நன்றாக ஆடும் ஒரு முதியவருக்குப் பின்னால் நின்று முதலில் கால் அசைவை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், கை தானாக வரும். சாதாரண மழைக்கு ஆட்டம் நிற்காது. ‘மத்சுசாகா’ தொடங்கி வாத்தியங்கள் ஓய்ந்து, கட்டை தட்டும் ஓசையோடு பாட்டு மட்டும் கேட்டால் அன்றைய ஆட்டம் முடியப்போகிறது.

விடிய விடிய ஆடுவது ஆகஸ்ட் 13 முதல் 16 வரை நான்கு இரவுகள் மட்டுமே. முதல் தடவையே அதற்குப் போகாதீர்கள் என்பது என் கருத்து. தெரு அடைத்துக்கொள்ளும், மற்றவர் கால் அசைவைப் பார்த்து ஆட இடம் இருக்காது, அறையும் கிடைக்காது. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை முப்பது இரவுகளுக்குக் குறையாமல் ஆடுகிறார்கள். ஜூலையில் ஒரு சனிக்கிழமை போனால் எட்டு மணிக்குத் தொடங்கி பதினொரு மணிவாக்கில் முடிந்துவிடும். இந்தச் சாதாரண இரவுகளில்தான் ஆட்டத்தைப் பேணிக்காக்கும் சங்கத்தினர் வட்டத்தில் நடந்து, அன்று அறிவித்த ஆட்டத்தைப் பிழையில்லாமல் ஆடுபவர்களைத் தேர்ந்தெடுத்து உரிமச் சான்றிதழ் தருவார்கள். ஒபோன் இரவுகளில் அது கிடையாது.

திரும்பியதும் யுகாதாவைப் பையிலேயே விட்டுவைக்காதீர்கள், வியர்வைக் கறை மஞ்சளாகப் படிந்துவிடும். ஒழுங்காக மடித்து வலைப்பையில் போட்டு, மிதமான சோப்பில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். நீலச்சாயத் துணியை முதல் சில தடவை தனியாகத் துவைக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்