உழைப்பு மட்டுமே இருக்கும் பையனை ரக்பி லீக்கில் தொடர விடலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: மகனுக்கு 13 வயது, நியூ சவுத் வேல்ஸில் சிட்னியை விட்டுத் தள்ளி ஒரு சின்ன ஊரில் ரக்பி லீக் ஆடுகிறான், பெரிய வேகம் கிடையாது, டிரை (பந்தை எதிரணிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போடுவதில்லை, ஆனால் பயிற்சிக்கு முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாக வருகிறான், இந்த முறையும் மாவட்ட அணிக்கு எடுக்கவில்லை, இனியும் ஆட விடலாமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் டப்போ, வாகா வாகா பக்கம் இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அங்கே பக்கத்தில் நம் ஆட்கள் அதிகம் இல்லை, இருக்கும் ஓரிருவரும் "எதுக்கு இந்த முரட்டு ஆட்டம், டியூஷனுக்கு அனுப்புங்க" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆட விடுங்கள். ஏன் என்று கேட்டால் நான் சொல்வது ஒரே ஒரு ரக்பி லீக் வீரரின் பெயர்தான்: நேத்தன் ஹிண்ட்மார்ஷ்.

சிட்னிக்குத் தெற்கே மலைப்பகுதியில் ராபர்ட்சன் என்று உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே வளர்ந்தவர். அண்ணன் தம்பி இரண்டு பேருமே பெரிய லீக்குக்கு, அதாவது என்.ஆர்.எல். போட்டிக்கு வந்தார்கள். நேத்தன் 1998-இல் மேற்கு சிட்னியின் பாரமட்டா ஈல்ஸ் அணிக்கு ஆட ஆரம்பித்து, 2012-இல் ஓய்வு பெறும் வரை வேறு எந்த கிளப்புக்கும் போகவில்லை. மொத்தம் 330 ஆட்டங்கள், அந்த கிளப்புக்கு அவ்வளவு ஆடியவர் வேறு யாரும் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் அணியிலும் ஆஸ்திரேலிய அணியிலும் ஆடினார். பதிவான கணக்குப்படி அந்தப் போட்டியில் 10,000 டாக்கிள்களைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். இத்தனைக்கும் கிளப்புக்காக ஒரு இறுதி ஆட்டக் கோப்பைகூடக் கையில் வாங்கவில்லை.

10,000 டாக்கிள் என்றால் என்னவென்று இந்த ஆட்டம் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எதிரணிக்குப் பந்து கிடைத்தால் ஆறு முறை பிடிபடும் வரை அவர்கள் முன்னேறலாம். ஒவ்வொரு முறையும் நூறு கிலோ ஆள் ஒருவன் முழு வேகத்தில் வருவான், தோளைக் கொடுத்து அவனைக் கீழே கொண்டுவர வேண்டும். உடனே எழுந்து பந்துக்கு எதிரே நிற்க வேண்டும், இல்லையென்றால் 10 மீட்டர் பின்னால் ஓடி வரிசையில் சேர வேண்டும். சேர்ந்ததும் மறுபடி முன்னால் ஓடி அடுத்தவனைப் பிடிக்க வேண்டும். 80 நிமிடமும் இதே வேலை. டிவியில் பந்து போகும் பக்கம்தான் கேமராவும் போகும், பின்னால் ஓடி வரிசையில் நிற்பவனைக் காட்டவே மாட்டார்கள்.

எனக்கே இது ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. சிட்னிக்கு வந்த புதிதில் வெதரில் பார்க்கில் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் வேலை பார்த்தேன். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய ஒரு பெரியவர் மாஸ் வேல் பக்கத்துக்காரர், பாரமட்டா என்றால் உயிர். ஒருநாள் என்னையும் மேட்சுக்குக் கூட்டிப் போனார். எனக்கு விதி ஒன்றும் புரியவில்லை, கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். அவர் சொன்னார், "பந்தைப் பார்க்காதே. பாதி நேரம் அவனை மட்டும் பார்." அவர் காட்டியது ஹிண்ட்மார்ஷை. நானும் பார்த்தேன். விழுகிறார், எழுகிறார், நழுவிய கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே பின்னால் ஓடுகிறார், மறுபடி விழுகிறார். அன்றைக்கு டிரை போட்டவர் யார் என்று இப்போது கேட்டால் எனக்கு நினைவில்லை. நான்கு பேர் களைத்து நிற்கும்போது ஐந்தாவது ஆளாக அவர் மட்டும் வரிசையை விட்டு முன்னால் வந்தது நன்றாக நினைவிருக்கிறது.

அந்தக் காலத்தில் அது என்னை ஏன் அவ்வளவு தாக்கியது என்றால், எங்கள் கிடங்கிலும் அதே கதைதான். லாரிகள் காலையில் கிளம்ப வேண்டும் என்றால் இரவு முழுக்க நாங்கள் பாலெட் அடுக்க வேண்டும். தப்பாக அடுக்கியதைப் பிரித்து மறுபடி அடுக்குவதும் நாங்கள்தான். காலையில் வந்து மேலாளரோடு காபி குடித்தவர்களுக்குத்தான் பாராட்டுக் கடிதமும் நிரந்தர வேலையும் கிடைத்தன. அந்த ஃபோர்க்லிஃப்ட் பெரியவரை ஓய்வு பெறும் நாளில்கூட ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. சரி, அதை விடுங்கள்.

"ஹிண்ட்மார்ஷுக்குத் திறமை இல்லையா என்ன, ஆஸ்திரேலியாவுக்கே ஆடியவராச்சே" என்று யாராவது கீழே எழுத வருவீர்கள். திறமை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. ஓய்வில்லாமல் 80 நிமிடம் அதே வேலையைச் செய்வதும் ஒரு திறமைதான் என்கிறேன். பிள்ளைகளைத் தேர்வு செய்ய வருகிறவர்கள் ஓட்டத்தையும் உயரத்தையும் அளக்கிறார்கள், இதை அளப்பதில்லை. "கோப்பை இல்லையே, அப்புறம் என்ன" என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 2001-இல் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாரமட்டா அணி இறுதி ஆட்டத்தில் நியூகாசிலிடம் 30-24 என்று தோற்றது. 2009-இல் எட்டாவது இடத்திலிருந்து இறுதிக்கு வந்து மெல்பர்னிடம் 23-16. அடுத்த ஏப்ரலில், மெல்பர்ன் கிளப் சம்பள உச்சவரம்பை மீறி வீரர்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்தது வெளியே வந்து, அந்தப் பட்டத்தையே பிடுங்கினார்கள். பாரமட்டாவுக்கும் கொடுக்கவில்லை. இதில் ஹிண்ட்மார்ஷ் செய்த குறை என்ன? அவருடைய கடைசி வருடமான 2012-இல் அணி பட்டியலில் கடைசி இடம், கேப்டனும் அவர்தான். அப்போதும் ஓட்டம் குறையவில்லை. பாரமட்டா ஊரில் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், கோப்பை வாங்கியவர்கள் பலருக்குக் கிடைக்காத மரியாதை அவருக்குக் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் குறைவுதான். முன்பெல்லாம் சிட்டி அணிக்கும் (சிட்னி வீரர்கள்) கன்ட்ரி அணிக்கும் (ஊர்ப்புற வீரர்கள்) வருடாவருடம் ஒரு ஆட்டம் நடக்கும். பெரிய நட்சத்திரங்கள் உங்களைப் போன்றவர்கள் வாழும் ஊர்களுக்கே வந்து ஆடுவார்கள், பையன்கள் வேலியோரம் நின்று கையெழுத்து வாங்குவார்கள். கிளப்புகள் வீரர்களை அனுப்பாமல் இழுத்தடித்து அந்த ஆட்டத்தையே தேய்த்துவிட்டார்கள். 2017-இல் மட்ஜியில் நடந்ததே கடைசி. ஊர்ப்புறத்திலிருந்து ஆளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், வருடத்துக்கு ஒரு ஆட்டத்தைத் திருப்பிக் கொடுக்க மனசில்லை. இதை எழுதும்போதே கோபம் வருகிறது.

உங்கள் பையனுக்கு வருவோம். என் மகனும் வெண்ட்வொர்த்வில் பக்கம் ஒரு கிளப்பில் ஆடினான், செகண்ட் ரோ, அதாவது டாக்கிள் வேலை அதிகம் உள்ள இடம். டிரை போடாத பையன் என்று ஓரமாகவே உட்கார வைத்தார்கள். நான் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போய் அவன் டாக்கிள்களைக் கோடு போட்டுக் குறிக்க ஆரம்பித்தேன். தவறவிட்டதையும் குறித்தேன், பிள்ளைப் பாசத்தில் கூட்டிப் போடவில்லை. சில வாரம் கழித்து அதைப் பயிற்சியாளரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் அடுத்த ஆட்டத்திலிருந்து தொடக்கத்திலேயே இறக்கினார். அவன் பெரிய லீக்குக்குப் போகவில்லை, இப்போது எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டிருக்கிறான், சனிக்கிழமை ஊர் அணிக்கு ஆடுகிறான். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எல்லாப் பையனும் ஹிண்ட்மார்ஷ் ஆவான் என்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் தயாராக இல்லை.

தலையில் அடிபடும் பயம் உங்களுக்கு இருந்தால் அது நியாயமான பயம். டாக்கிள் செய்யும்போது தலையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பதைப் பயிற்சியாளர் தனியாகச் சொல்லித் தருகிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். சொல்லித் தராத கிளப் என்றால் அன்றைக்கே மாற்றுங்கள். தலையில் அடிபட்டு மயக்கமாக இருக்கிறது என்றால் யார் என்ன சொன்னாலும் மறுபடி இறங்க விடாதீர்கள், டாக்டர் சரி என்று சொல்லும் வரை பயிற்சிக்கும் வேண்டாம்.

அவனை விங்கில் (வேகமாக ஓடுகிறவர்கள் நிற்கும் ஓர இடம்) நிறுத்தியிருந்தால் செகண்ட் ரோவுக்கோ, அதே மாதிரி டாக்கிள் வேலை உள்ள லாக்குக்கோ மாற்றச் சொல்லுங்கள். வேகம் இல்லாத பையனை விங்கில் வைத்துவிட்டு டிரை போடவில்லை என்பது அநியாயம். நோட்டு ஒன்று வாங்கி நீங்களும் குறிக்க ஆரம்பியுங்கள். அடுத்த வருடத் தேர்வுக்கு முன்னால் அதைப் பயிற்சியாளர் கையில் கொடுங்கள். அப்போதும் பார்க்க மாட்டேன் என்றால் பக்கத்து ஊர் கிளப்பில் கேளுங்கள், அங்கே செகண்ட் ரோவுக்கு எப்போதும் ஆள் தேவைப்படும்.