டைப் பாதுகாப்புள்ள குட்டி ஈவென்ட் லைப்ரரிகள்: கேள்வி பதில்

டைப்ஸ்கிரிப்டில் (டைப் சோதனை சேர்ந்த ஜாவாஸ்கிரிப்ட்) ஈவென்ட்களைக் கையாளும் சின்ன லைப்ரரிகள் பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும். ஈவென்டை அனுப்புவது எமிட்டர், அதைக் கேட்டு ஓடும் ஃபங்ஷன் லிசனர்.

கேள்வி: அண்ணா, ஈவென்ட் பெயர் வெறும் ஸ்ட்ரிங்தானே? அதில் டைப் எங்கிருந்து வரும்?

ஒரு பட்டியலிலிருந்து. 'கோப்பு_சேமிப்பு' என்றால் கூடவே ஒரு நம்பர் வரும், 'கோப்பு_நீக்கம்' என்றால் ஒரு ஸ்ட்ரிங் வரும் என்று ஒரே டைப்பில் எழுதி, எமிட்டருக்கு ஜெனரிக்காக (எந்த டைப்போடு வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் விதம்) கொடுத்துவிடுவோம். அப்புறம் 'கோப்பு_சேமிபு' என்று ஓர் எழுத்தை விட்டுவிட்டு எமிட் செய்தால் எடிட்டரிலேயே சிவப்புக் கோடு விழும். டைப் இல்லாத எமிட்டர் இதற்குச் சத்தமே போடாது. யாரும் கேட்காத ஓர் ஈவென்ட் கிளம்பிப் போகும், அவ்வளவுதான்.

கேள்வி: எதை எடுக்கலாம்? சைஸ் முக்கியம்.

இரண்டைப் பார்க்கலாம். ஒன்று மிட் என்ற லைப்ரரி. ஜிசிப் செய்தால் (சுருக்கினால்) சுமார் 200 பைட். கேட்கத் தொடங்க ஆன், நிறுத்த ஆஃப், அனுப்ப எமிட் உண்டு; எல்லா ஈவென்டையும் கேட்க நட்சத்திரக் குறி; ஒரே முறை மட்டும் கேட்கும் ஒன்ஸ் கிடையாது. இன்னொன்று நானோஈவென்ட்ஸ். அதில் ஆன் அழைத்தாலே, லிசனரை நீக்கும் ஃபங்ஷன் கைக்கு வந்துவிடும். என் ஓட்டு அதற்குத்தான்; காரணம் கீழே வருகிறது.

கேள்வி: மிட்டுக்கு ஈவென்ட் பட்டியலை இன்டர்ஃபேஸாகக் கொடுத்தேன். இண்டெக்ஸ் சிக்னேச்சர் (எந்தப் பெயருள்ள சாவிக்கும் என்ன டைப் என்று சொல்லும் வரி) இல்லை என்று கம்பைலர் திட்டுகிறது.

இன்டர்ஃபேஸை டைப் அலியாஸாக ('type' என்று தொடங்கி எழுதுவது) மாற்றுங்கள், சரியாகிவிடும். இன்டர்ஃபேஸில் பின்னால் வேறொரு இடத்திலிருந்தும் புதிய உறுப்புகளைச் சேர்க்கலாம் என்பதால், அதற்கு இண்டெக்ஸ் சிக்னேச்சரை டைப்ஸ்கிரிப்ட் தானாக ஊகிப்பதில்லை. கம்பைலரின் கறாரான சோதனையான ஸ்ட்ரிக்ட் மோடும் ஆனில் இருக்கட்டும்.

கேள்வி: டைப் எல்லாம் சரிதான் சார், ஆனாலும் ஒரே லிசனர் இரண்டு முறை ஓடுகிறது.

ஆஃப் வரியைப் பாருங்கள். ஆனில் ஓர் ஆரோ ஃபங்ஷனை எழுதி, ஆஃபில் அதையே மறுபடி எழுதியிருப்பீர்கள். பார்க்க ஒன்றுதான், ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை இரண்டு தனித்தனி ஃபங்ஷன்கள். மிட் எதையும் நீக்காது, பிழையும் காட்டாது. இரண்டின் டைப்பும் பொருந்துவதால் கம்பைலருக்கும் புகார் இல்லை. ரியாக்டில் திரை திறந்து மூடும்போதெல்லாம் ஒரு லிசனர் கூடிக்கொண்டே போகும். நோடின் ஈவென்ட்எமிட்டராவது ஓர் ஈவென்டுக்கு 10 லிசனர் தாண்டினால் எச்சரிக்கும். மிட்டில் அதுவும் இல்லை. ஃபங்ஷனுக்குப் பெயர் வைத்து இரண்டு இடத்திலும் அதையே கொடுங்கள். நானோஈவென்ட்ஸில் இந்த வம்பே வராது.

கேள்வி: வெப்சாக்கெட்டில் வருவதை ஜேசான் பார்ஸ் செய்து அப்படியே எமிட் செய்கிறேன். டைப் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. ஜேசான் பார்ஸ் தருவது 'எனி'. அது எந்த டைப்போடும் ஒத்துப்போகும். ரன்டைமில் டைப் என்று ஒன்று இருக்கவே இருக்காது. தரவு உள்ளே நுழையும் இடத்தில் ஜோட் மாதிரி தரவைச் சோதிக்கும் லைப்ரரி ஒன்றை வைத்துச் சரிபார்த்துவிட்டு எமிட் செய்யுங்கள்.

கேள்வி: ஒரு லிசனர் எர்ரர் எறிந்தால் மற்றவை ஓடுமா?

மிட்டில் ஓடாது. வரிசையாக ஒவ்வொன்றாக அழைக்கும். நடுவில் ஒன்று வெடித்தால் அந்த எர்ரர் எமிட் செய்த இடத்துக்கே வந்து நிற்கும். லாக் எழுதும் சாதாரண லிசனர் கெட்டுப்போய், சேமிக்கும் வேலை நின்றுவிட்டால் எரிச்சலாக இருக்கும். அப்படிப்பட்ட லிசனருக்குள் ட்ரை கேட்ச் போடுங்கள். அசிங்க் லிசனர் என்றால் இன்னும் கவனம் தேவை: எமிட் அதற்காகக் காத்திருக்காது, கம்பைலரும் தடுக்காது.

கேள்வி: சின்ன ஆப்புக்கு இதெல்லாம் வேண்டுமா?

இரண்டு ஃபைல் பேசிக்கொள்ள ஒரு கால்பேக் (பிறகு அழைக்கச் சொல்லிக் கொடுக்கும் ஃபங்ஷன்) போதும். யார் கேட்கிறார்கள் என்று அனுப்பும் பக்கத்துக்குத் தெரியக் கூடாது என்ற நிலை வந்தால் எமிட்டரை எடுங்கள்.